பத்தொன்பது செடிகள்

அவர் மீன் வாங்குவதை நின்று பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். கூடையைச் சுற்றி இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்ற நினைப்பு கொஞ்சமும் இருக்காது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கிழங்கானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது தனியாவா வந்துச்சு? வலையில கூட என்னா வந்துச்சு?" என்று கேட்பார்.

"அது மாமியா வீட்டுக்காரங்களோடதான் வந்துச்சு. எடுத்தா எடுங்க, இல்லாட்டி கீழ வைங்க" என்பாள் மீன்காரம்மா.

கூட்டம் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். கூட வந்தது காரலா, நண்டா என்று தெரிந்துகொள்ளாமல் எழுந்திருக்கவும் மாட்டார்.

அந்த மனிதரின் குணம் முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கிவிடும். எதையும் தனியாகப் பார்க்க அவருக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தால், எந்த மேசை எந்த மேசைக்குப் பக்கத்தில் நகர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். திறந்தால் கத்தல்தான்.

ஊரில் அவரைச் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கெல்லாம் காரைக்காலில் அதுதான் பெயர். அவருக்கென்று சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் கையால் அதைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதமாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எழுபத்தேழில் அடித்த புயலுக்குப் பிறகு திறந்த தற்காலிக அலுவலகம் எங்களுடையது. எந்தத் துறை, எந்தத் தெரு என்றும் சொல்லப்போவதில்லை. அந்தத் துறையில் நல்லவர்கள் இருந்திருப்பார்கள். எங்கள் மாடி அறைக்குள் அப்படி யாரும் இருக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு அதிகாரி, ஒரு தலைமை எழுத்தர், கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் தட்டச்சுக்காரியாகிய நான். கடலோர மணல்மேடுகளில் புதிதாக மரம் நட்டு, குப்பங்களுக்குக் காற்றுத்தடுப்பு அமைப்பது எங்கள் வேலை. என்ன மரம் என்பது மேலிடத்திலேயே முடிவாகி வந்துவிட்டது. சவுக்கு. வேறு எதுவும் இல்லை, கோட்டுச்சேரி வயலில் நாற்று நடுவதைப் போல வரிசை வரிசையாகச் சவுக்கு.

முதல் திங்கட்கிழமையே அவர் வந்துவிட்டார். சைக்கிளை வாசலில் நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். மடித்த காகிதம் ஒன்றை என் மேசைமேல் வைத்து, பிரெஞ்சில் இளம்பெண்ணுக்குரிய மரியாதையோடு வணக்கம் சொன்னார்.

"போன்ஷூர் மத்மசேல். நம்பர் போடுங்க."

நான் எண் போட்டேன். தலைகீழாகவே படித்து எண்ணைச் சரிபார்த்துக்கொண்டார். பிறகுதான் அதிகாரியின் அறைக்குள் போய்க் கத்த ஆரம்பித்தார்.

அந்த மனு நான் அதுவரை பார்த்த எந்த மனுவையும் போல இல்லை. "கனம் ஐயா அவர்களுக்கு" கிடையாது, கால் கை பிடிப்பது கிடையாது. ஒரு பட்டியல், அவ்வளவுதான். மேலே இடம், மண் எப்படி என்று ஒரு வரி. அப்புறம் 'உயரமாக நிற்பவை' என்று சில பெயர்கள், 'இடுப்பளவு நிற்பவை' என்று சில, 'தரையில் படர்பவை' என்று சில. ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அது எதன் பக்கத்தில் இருந்தது, எதன் பக்கத்தில் இல்லை என்று குறிப்பு. கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள்: "இவற்றை அகற்ற வேண்டாம். இவை எங்கே எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று பார்த்து அதற்கேற்ப நடவும்."

இந்தப் பைத்தியம் அவரை எங்கே பிடித்தது என்பதை அதிகாரிக்காகத் தாழ்வாரத்தில் காத்திருந்த ஒரு நாள் அவரே சொன்னார். பட்டாளத்திலிருந்து வெளியே வந்ததும் பிரான்ஸின் கிழக்குப் பக்கத்து மலைக்காட்டில் கூலியாளாகச் சேர்ந்திருக்கிறார். சண்டையில் குண்டு விழுந்து சிதைந்துபோன காடு. மரம் நடுவதற்குத்தான் ஆள் எடுத்தார்களாம்.

"மூணு வருசம் ஊசி இலை மரமா நட்டோம் மத்மசேல். நாலாவது வருசம் பார்த்தா மலை முழுக்கத் துடைப்பக்கட்டையா நிக்குது. அப்புறம் புதுசா ஒருத்தர் வந்தாரு. குழி வெட்டாத, மண்டி போட்டுத் தரையைப் பாருன்னாரு. நாங்க சிரிச்சோம். பனியில மண்டி போட்டுப் பாருங்க, தெரியும்."

"தரையில என்னங்க இருந்துச்சு?"

"முன்னாடி இருந்த மரத்துக்குத் தமிழ்ல பேரு இல்ல, நான் என்னா பண்ண? வழவழன்னு சாம்பல் கலர்ல தண்டு. அதுங்காலடியில வெள்ளைப் பூப் பூக்குற குட்டிச் செடி ஒண்ணு இருக்கும். அது கூட இன்னும் நாலஞ்சு. அந்தக் கூட்டம் மொத்தமும் மிச்சம் இருந்தா, மரம் போனாலும் மண்ணு சாவலைன்னு அர்த்தம். அந்த மரத்தையே நடலாம், பிழைக்கும். வெறும் பாசியும் புளிப்புப் பழம் காய்க்கிற புதரும் இருந்தா அங்க அது வராது, வேற மரம். ஒரு செடியைக் கேட்டா பொய் சொல்லும். கூட்டத்தைக் கேட்டா சொல்லாது."

அறைக்குள்ளிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி, "இது பிரான்ஸ் இல்லைங்க ஐயா, காரைக்கால்" என்றார். தலைமை எழுத்தர் சிரித்தார். அதிகாரி ஒன்று சொன்னால் சிரிப்பது அவர் வேலைகளில் ஒன்று.

"அதைத்தான் நானும் ஆறு மாசமா கத்துறேன்!" அவர் எழுந்துவிட்டார். "இது பிரான்ஸ் இல்ல. அதனாலதான் பிரான்ஸ் செடியைக் கேட்கலை. இஞ்ச நிக்கிற செடியைக் கேளுங்கன்றேன். மேல இருக்கவன் அனுப்புன கடுதாசியைக் கேட்கிறீங்க. அவன் இந்த மணல்ல கால் வச்சிருப்பானா?"

அதற்குப் பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் வந்துபோன நாளில் அதிகாரி என்மேல்தான் பாய்வார். ஒருமுறை எல்லைக்கல் எண்களைக் குறித்துவர ஜீப்பில் என்னை அனுப்பினார்கள். கருக்களாச்சேரியைத் தாண்டிப் போக வேண்டிய ஒரு குப்பம். போனால் அங்கே இவர் நிற்கிறார். நான்கு முளை அடித்து, தேங்காய்நார்க் கயிற்றைச் சதுரமாகக் கட்டி, அதற்குள் குனிந்து குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். "சொல்தா எல்லாருக்கும் பட்டா போடுறாருடோய்" என்று வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கேலி செய்தார்கள்.

நான் மணல்மேட்டில் ஏறினேன்.

"காலை எடுங்க! அடும்புக் கொடி மேல நிக்கிறீங்க!"

நான் பதறி நகர்ந்தேன். நகர்ந்த இடத்தில் ராவணன் மீசை. அந்தப் புல்லின் முள் புடவையில் கொத்தாக ஏறிக்கொண்டது. நான் முள்ளை எடுக்க எடுக்க, அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். இந்த அடும்பும் ராவணன் மீசையும் முன்னால் நின்று மணலைப் பிடித்து உட்கார வைக்கின்றன; அதன் முதுகுப் பக்கம்தான் சங்கஞ்செடி முளைக்கும், காரை முளைக்கும்; அதற்கும் பின்னால்தான் தாழையும் புன்னையும். புயலில் புன்னை போனால் போகட்டும், மற்றதெல்லாம் இருக்கிறதே, புன்னையை அதன் இடத்தில் திருப்பி வைத்தால் போதும். முன்னால் இருப்பதை எடுத்துவிட்டால் எதை வைத்தும் பயன் இல்லை.

"சவுக்கு மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல மத்மசேல். அதைக் கொண்டாந்து யாரும் இல்லாத எடத்துல ஒண்டியா நிறுத்துறீங்க பாருங்க, அதுதான் வயிறு எரியுது."

பிறகு மேட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். மணலில் இடுப்பளவு தோண்டிய ஒரு பள்ளம். அவரைக் கேலி செய்த அதே குப்பத்தின் பெண்கள் சுற்றி உட்கார்ந்து சிரட்டையால் மொண்டு குடங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அந்த மீன்காரம்மா. எனக்கும் ஒரு சிரட்டை தந்தாள். கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் இளநீர்போல இருந்தது.

"மேடு இருக்கிற வரைக்கும் இது இருக்கும்" என்றார் அவர். "மேட்டைப் பிடிச்சுட்டு நிக்கிறது யாருன்னு பார்த்துட்டீங்க. போய் உங்க தொரைகிட்டச் சொல்லுங்க."

நான் எல்லைக்கல் எண்களை மட்டும் சொன்னேன்.

அந்தக் குப்பத்து மேட்டுக்காக அவர் கொடுத்த பட்டியல்தான் அவருடைய பட்டியல்களிலேயே பெரியது. ஏறக்குறைய ஒரு வருட வேலை. மழைக்கு முன்னால் ஒருமுறை, மழைக்குப் பின்னால் ஒருமுறை, கோடையில் ஒருமுறை என்று கயிறு கட்டி எழுதியது. பத்தொன்பது செடிகள். குப்பத்துப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு, அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ அந்தப் பெயரையும் பக்கத்தில் எழுதியிருந்தார். இலை எப்படி இருக்கும், காய் எப்படி இருக்கும் என்று யாருக்கும் புரிகிறாற்போல ஒவ்வொரு வரி. நான் எண் போட்டேன். கோப்பில் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கான்ட்ராக்டர் வந்தார். களையெடுத்து நிலம் சமன் செய்து கொடுக்கும் வேலை அவருடையது. "எதை எடுக்கணும்னு எழுத்துல குடுங்க சார். நாளைக்கு ஆடிட்டுல அந்தச் செடியை ஏன் எடுத்த, இந்தச் செடியை ஏன் விட்டன்னு கேட்டா நான் எங்க போவேன்?" என்றார். நியாயமான கேள்விதான். அந்த மேட்டில் என்னென்ன செடி இருக்கிறது என்று எங்கள் அறையில் யாருக்கும் தெரியாது. அதிகாரி கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அந்தச் சொல்தா ஒரு பட்டியல் குடுத்தாரே, அதுல எல்லாப் பேரும் இருக்கு. இங்க பாரும்மா, தலைப்பை மட்டும் மாத்தி அடிச்சுக் குடுத்துடு."

தலைமை எழுத்தர் சிரித்தார்.

என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போது அதே அதிகாரியின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிப்பவள். இதெல்லாம் நான் எனக்கே நிறையத் தடவை சொல்லிக்கொண்ட சமாதானம். உங்களுக்கும் சொல்லிப் பார்க்கிறேன். நன்றாகத்தான் இல்லை. அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லவே முடியாது. முள் ஏறிய அந்தப் புடவையைத்தான் அன்றும் கட்டியிருந்தேன். அந்தத் தண்ணீரைக் குடித்த வாய் இது. காகிதத்தைச் சுருட்டி இயந்திரத்தில் ஏற்றினேன். 'அகற்றப்பட வேண்டிய களைகள்' என்று தலைப்பு அடித்தேன். கீழே அடும்பு முதல் பத்தொன்பது பெயர்களும், இலை அடையாளம், காய் அடையாளத்தோடு. எது எதன் பக்கத்தில் இருந்தது என்ற குறிப்பை மட்டும் விட்டுவிட்டேன். அது கான்ட்ராக்டருக்குத் தேவைப்படாது அல்லவா.

ஒரு பிழை இல்லாமல் அடித்திருந்தேன். அதிகாரி பாராட்டினார்.

பத்து நாள் கழித்து, திங்கட்கிழமைகூட இல்லை, அவர் மாடியேறி வந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. கையில் கசங்கிய கார்பன் பிரதி ஒன்று. மேட்டில் ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்த மேஸ்திரியிடமிருந்து பிடுங்கி வந்திருக்கிறார். அதை என் மேசையில் விரித்தார். விரல்கள் முழுக்க மணல்.

"பத்தொம்போது. ஒண்ணு விடலை. வரிசைகூட மாறலை."

நான் பதிவேட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"அந்த ஆளுங்க திருநள்ளாறு பக்கத்து வயல்காட்டு ஆளுங்க. அவனுக்குச் சங்கஞ்செடி தெரியாது. ராவணன் மீசையைப் பார்த்தா ஏதோ புல்லுன்னு விட்டுட்டுப் போயிருப்பான். பாதி தப்பிச்சிருக்கும். மேஸ்திரி இதை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா படிக்கிறான். இலை இப்புடி இருக்கும், காய் இப்புடி இருக்கும்னு. நான்ல காட்டிக் குடுத்திருக்கேன்! நான்ல!" என்று தன் நெஞ்சிலேயே அறைந்தார். பிறகு காகிதத்தைத் தட்டினார். "இதை அடிச்சது யாரு?"

எங்கள் அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு தட்டச்சு இயந்திரம். அதன் முன்னால்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் தலைமை எழுத்தரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் மூடியிருந்த அதிகாரியின் கதவைப் பார்த்தார். திரும்ப என்னிடம் வந்தார். மீன்கூடை முன்னால் உட்கார்ந்து பார்ப்பாரே, அதே பார்வை.

"சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மத்மசேல் என்று அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்டிச் சொன்னால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. மேட்டைச் சமன் செய்து சவுக்குக் கன்றுகள் நட்டார்கள். அமைச்சர் யாரோ வந்து முதல் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். பிடிப்பு இல்லாத மணல் அந்த ஆடிக் காற்றிலேயே எழுந்து கன்றுகளை மூடியது; மூடாத கன்றுகள் வெயிலில் கருகின. பணி நிறைவு அறிக்கையில் எல்லாக் கன்றுகளும் உயிரோடு இருந்தன. அதையும் நான்தான் அடித்தேன். அந்த வருட ஐப்பசி மழையில் கடல் பொங்கியபோது, தடுக்க மேடு இல்லாமல் தண்ணீர் நேராகக் குப்பத்துக்குள் வந்து, வடிய நான்கு நாள் ஆனது. அதற்குள் அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது, மாற்றல் உத்தரவுக்காகக் காத்திருந்தார். என் கோப்பிலும் கையெழுத்து விழுந்திருந்தது. நான் நிரந்தரமாகிவிட்டேன்.

மழை விட்டதும் ஒரு நாள் மீன்காரம்மா குடத்தோடு மாடியேறி வந்தாள். தலைமை எழுத்தர் வாசலிலேயே மறித்து, "ஐயா மீட்டிங்ல இருக்காரு" என்றார். அதிகாரி உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் வாதாடவில்லை. நேராக என் மேசைக்கு வந்து, இடுப்பிலிருந்த சிரட்டையை எடுத்துக் குடத்தில் மொண்டு நீட்டினாள்.

"குடிச்சுப் பாரும்மா. நீ முன்னாடி குடிச்சிருக்கேல்ல. உனக்குத்தான் தெரியும்."

குடித்தேன். உப்புக் கரித்தது, வாயில் வைக்க முடியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினேன்.

"புள்ளைங்களுக்கு இதைத்தான் குடுக்குறோம். இல்லாட்டி தலையில குடத்தை வச்சுக்கிட்டு ரெண்டு கல்லு நடக்கணும். உங்க ஐயா மீட்டிங் முடிஞ்சதும் சொல்லு" என்று மிச்சத் தண்ணீரை என் மேசைக்கடியில் கொட்டிவிட்டுப் போனாள். தரையெல்லாம் நனைந்தது. தலைமை எழுத்தர் அவளைத் திட்டிக்கொண்டே கோப்புகளைத் தூக்கி மேலே வைத்தார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அறைய வேண்டிய ஆள் அவர் மட்டும் இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவர் வந்தார். ஏறக்குறைய ஒரு வருடத்துக்குப் பிறகு. இடைப்பட்ட நாளில் மீன் கடையில் பார்த்திருக்கிறேன், குனிந்து நகர்ந்துவிடுவேன். சைக்கிளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கி, பழையபடியே வந்தார். மடித்த காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

"நம்பர் போடுங்கம்மா."

அதிகாரியின் அறைக்குள் அவர் போகவில்லை. அங்கேயே நின்றார். நான் காகிதத்தைப் பிரித்தேன். அதே கையெழுத்து, அதே கட்டங்கள்.

"இடம்: மாடி அறை. மண்: காய்ந்தது. மேலிருந்து வரும் நீரைத் தவிர வேறு நீர் இல்லை.

"உயரமாக நிற்பது ஒன்று: அதிகாரி. எந்த ஊரில் கொண்டுபோய் நட்டாலும் பிழைக்கும்.

"இடுப்பளவு நிற்பது ஒன்று: தலைமை எழுத்தர். உயரமானதன் நிழல் இல்லாத இடத்தில் இதைக் கண்டதில்லை.

"தரையில் படர்வது ஒன்று: தட்டச்சு மேசையில். பெயர் தெரியும். எழுதவில்லை. வேறு மண்ணைச் சேர்ந்தது என்று முதலில் நினைத்தேன். கவனித்துப் பார்த்ததில், மற்ற இரண்டோடும் சேர்ந்தே காணப்படுகிறது.

"வேண்டுகோள்: இவற்றை அகற்ற வேண்டாம். இவை மூன்றும் சேர்ந்து நிற்கும் இடத்தில் வேறு எதுவும் பிழைக்காது என்பதற்கு அடையாளமாக இருக்கட்டும்."

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் முகத்தில் கோபம் இருந்தது. என்னைச் சேர்த்துத் திட்ட அவருக்குத் தயக்கம் எதுவும் இல்லை. ஆனாலும் என் பெயரை அவர் எழுதவில்லை. அதை நான் இன்றுவரை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. எழுதினால் நான் தனியாகத் தெரிந்துவிடுவேன் என்று விட்டிருப்பார். எதையும் தனியாகக் காட்டுகிற ஆள் அவர் இல்லை.

அந்தக் காகிதத்தைக் கிழித்திருக்கலாம். அழுதிருக்கலாம். "நான்தாங்க அடிச்சேன்" என்று அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், அவர் எதிரிலேதான் நின்றார். பக்கத்து மேசையில் தலைமை எழுத்தர் தலையைத் தூக்கி, "என்னாம்மா, சொல்தா என்னா எழுதியிருக்காரு?" என்றார்.

"வழக்கம்போலத்தாங்க" என்றேன்.

உள்வரும் தபால் பதிவேட்டை எடுத்தேன். எண் போட்டேன், அவர் தலைகீழாகப் படித்துச் சரிபார்த்துக்கொண்டார். அனுப்பியவர் பெயரை எழுதினேன். 'பொருள்' என்ற இடத்தில், 'செடிகள் தொடர்பாக' என்று எழுதிக் கோப்பில் வைத்தேன்.